குட்டி யானை வயசால சாகறதில்ல

அம்பத்தூர் எஸ்டேட்ல பஸ் ஏறி, சி.டி.எச். ரோடு வழியா ஆவடி செக்போஸ்ட் வரைக்கும் போறப்போ ஒரு நாள் மொபைலை உள்ளே வச்சுட்டு ஜன்னல் பக்கம் பாருங்க. எத்தனை குட்டி யானை வருதுன்னு எண்ணுங்க. தண்ணி கேன் ஒண்ணு, கோயம்பேட்டுல இருந்து காய்கறி ஒண்ணு, வீடு காலி பண்ணி பீரோவையும் கட்டிலையும் சாய்ச்சு கட்டினது ஒண்ணு. ஓ.டி. தாண்டறதுக்குள்ள எண்ணிக்கை விட்டுப் போயிடும். அதுல பாதி வண்டிக்கு கதவு ஒரு கலர், கேபின் ஒரு கலர். டி.என். 13, டி.என். 12 நம்பர் பிளேட்டே மங்கிப் போயிருக்கும்.

இந்த வண்டியைப் பத்தி மெக்கானிக்கல் படிக்கிற நாம எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கோம்? டாடா ஏஸ் 2005 மே மாசம் வந்தது. இன்டிகா காரோட 1405 சி.சி. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினை சரிபாதியா வெட்டின மாதிரி, ரெண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 ஹார்ஸ்பவர். நம்ம பார்க்கிங்ல நிக்கிற 200 சி.சி. பைக்குக்கே அதைவிட ஜாஸ்தி பவர். அந்த 16 குதிரையை வச்சுத்தான் ஒரு குடும்பம் வாடகை கட்டுது, ஸ்கூல் ஃபீஸ் கட்டுது. பழைய வண்டின்னா பெரும்பாலும் வாங்கின ஆள் கைமாத்தி கைமாத்தி மூணாவது ஓனரா இருப்பார். அவரேதான் டிரைவர், பல நேரம் லோடு ஏத்தறதும் அவரேதான்.

இப்போ அந்த ஓனருக்கு ஊரே சொல்ற அட்வைஸ் ஒண்ணுதான்: "பழைய வண்டிண்ணா, குடுத்துட்டு வேற எடுங்க." சட்டமும் வயசைத்தான் பாக்குது. எட்டு வருஷம் தாண்டின கமர்ஷியல் வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு, 2021 அக்டோபர்ல மத்திய அரசு அறிவிச்சு 2022 ஏப்ரல் 1-ல இருந்து வந்த விதி எஃப்.சி. கட்டணத்தையே பல மடங்கு ஏத்துச்சு. புகை, பாதுகாப்புன்னு அதுக்கு நியாயமான காரணம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. பிரேக் பைப் துருப்பிடிச்ச வண்டி ரோட்ல ஓடவே கூடாது. ஆனா வயசுங்கிறது ஒரு வண்டியைப் பத்தி நமக்கு சுலபமா தெரியிற விஷயம், அவ்வளவுதான். வண்டி நின்னு போறதுக்கு அது காரணம் இல்ல. பழைய ஏஸ் பெரும்பாலும் சாகறது ரெண்டே விஷயத்தால: சூடு, சுமை. ரெண்டையும் கவனிக்கிற சின்ன வேலை தள்ளிப் போயிக்கிட்டே இருக்கும். அதான் என் வாதம்.

முதல்ல சூடு.

ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சா நம்ம ஏரியால என்ன ஊத்துவாங்க? பக்கத்துல இருக்கிற போர் தண்ணி. ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க உங்க வீட்டு பாத்ரூம் குழாயைப் பாருங்க, வெள்ளையா படிஞ்சிருக்கும். அதே உப்பு இன்ஜின் பிளாக்குக்குள்ள, தண்ணி ஓடுற பாதையோட சுவர்ல படியுது. நாம செகண்ட் இயர்லயோ தேர்ட் இயர்லயோ ஹீட் டிரான்ஸ்ஃபர்ல காம்போசிட் வால்னு ஒரு கணக்கு போட்டோமே, ஞாபகம் இருக்கா? இது அதே கணக்கு. இரும்போட தெர்மல் கண்டக்டிவிட்டி சுமார் 50, இந்த உப்புப் படிவத்துக்கு சுமார் 2. அதாவது 1 மில்லிமீட்டர் உப்பு, சூட்டைத் தடுக்கிறதுல கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர் இரும்புச் சுவருக்குச் சமம். வெளியில இருந்து பார்த்தா ரேடியேட்டர் ஃபுல்லா தண்ணி இருக்கும், ஃபேன் சுத்தும், எல்லாம் சரியா இருக்கும். இன்ஜின் உள்ளே வெந்துகிட்டு இருக்கும். (தெர்மல் கண்டக்டிவிட்டிக்கு தமிழ்ல வெப்பக் கடத்துதிறன். இதை எழுதறதுக்காகத்தான் தேடிக் கண்டுபிடிச்சேன். பாடியில ஒரு மெக்கானிக் அண்ணா அதை "சூடு எறங்கல தம்பி"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டார்.)

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இதைப் பத்தி யாருமே யோசிக்கிறதில்ல. வீட்டு பிரஷர் குக்கர் எப்படி வேலை செய்யுதோ அதேதான் இதுவும். மூடி பிரஷரைப் பிடிச்சு வச்சா தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, அதுக்கு மேல போனாலும் தண்ணியாவே இருக்கும். குக்கர்ல கேஸ்கட் லூசானா ஆவி ஓரத்துல புஸ்ஸுன்னு போகும், விசில் வராது, இல்லையா? ரேடியேட்டர் மூடியோட ரப்பர் காஞ்சு வெடிச்சாலும் அப்படித்தான். பிரஷர் நிக்காது, தண்ணி சீக்கிரம் கொதிச்சு வெளியே போயிடும். ஓனர் மறுபடியும் போர் தண்ணி ஊத்துவார். உப்பு இன்னும் படியும். இப்படியே சுத்தும்.

கடைசியில ஒரு ஏப்ரல் மத்தியானம், லோடோட ஒரு மேம்பாலம் ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போகும் (முள் வேலை செஞ்சா). ஹெட் கேஸ்கட் போகும். ஆயில் மூடியைத் திறந்தா உள்ளே பால் காபி கலர்ல ஒரு நுரை. தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சுன்னு அர்த்தம். ஹெட்டைக் கழட்டணும், வளைஞ்சிருந்தா லேத்துல கொடுத்து மட்டம் பண்ணணும். சில நூறு ரூபாய் கூலண்டும் ஒரு மூடியும் காப்பாத்தியிருக்க வேண்டிய இடத்துல பல ஆயிரம் செலவு. அதைவிட மோசம், நாலு நாள் வண்டி நிக்கும். அந்த நாலு நாள்ல தண்ணி கேன் கஸ்டமர் வேற ஆளைப் பிடிச்சுடுவார்.

இங்க மெக்கானிக் அண்ணாக்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு. சூடு ஏறுதுன்னு வர்ற வண்டியில பல பேர் முதல்ல செய்யிறது தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" காலையில நாலு மணிக்கு கோயம்பேடு கிளம்புற வண்டி ரொம்ப நேரம் சில்லுன்னே ஓடும். டீசல் ஜாஸ்தி குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட் திறக்கிறப்போ பைபாஸ் வழியை அடைக்கிற மாதிரி இருக்கிற இன்ஜின்ல இன்னும் வேடிக்கை. அதைக் கழட்டினா தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்திக்கிட்டு இருக்கும், அதனால லோடுல சூடு கூடத்தான் செய்யும். புத்தகம் படிச்சதுக்கு நமக்கு இந்த இடத்துல சொல்ல ஒரு விஷயம் இருக்கு. ஆனா அதே அண்ணா ஒரு ஸ்குரூ டிரைவரோட நுனியை இன்ஜின்ல வச்சு, பிடியைக் காதுல வச்சு, எந்த பேரிங் போச்சுன்னு சொல்வார். அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல. அதனால நாம போய் பாடம் எடுக்கிற மாதிரி பேசினா நம்மளைத்தான் கடையை விட்டுத் துரத்துவாங்க.

இப்போ சுமை. ஒரு சின்ன கணக்கு. 20 லிட்டர் தண்ணி 20 கிலோ, கேனோட வெயிட் சுமார் முக்கால் கிலோ. ஏஸோட பேலோடு சுமார் 750 கிலோ. வகுத்தா 36 கேன். பின்னாடி பாடியில ஒரு அடுக்குக்கே கிட்டத்தட்ட 40 கேன் நிக்கும். நீங்க ரோட்ல பாக்கிற வண்டியில எத்தனை அடுக்கு இருக்கு? ரெண்டு. அதாவது 1,600 கிலோவுக்கு மேல. டபுள் லோடு வச்சா பிளேட்டோட ஆயுள் பாதியாகும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஃபட்டீக் அப்படி வேலை செய்யாது. எஸ்-என் கர்வ் படிச்ச நமக்குத் தெரியும், ஸ்ட்ரெஸ் ரெண்டு மடங்கானா ஆயுள் பத்துல ஒரு பங்குக்கும் கீழே போகலாம். திருவேற்காடு, திருமழிசை பக்கம் இருக்கிற பள்ளத்தை எல்லாம் அதுல சேர்த்துக்கோங்க. மெயின் பிளேட் ஒடிஞ்சு நிக்கிற வண்டியைப் பார்த்து "ஸ்டீலே சரியில்ல"ன்னு சொல்றவங்க கேனை எண்ணிட்டு அப்புறம் பேசலாம்.

கேனைக் குறைங்கன்னு ஓனர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு கேனுக்கு அவருக்கு நிக்கிற காசைப் பார்த்தா, ஒரே அடுக்கு ஏத்தினா டீசலுக்கே சரியா இருக்கும். ஆனா யூ போல்ட்டை டைட் பண்ணுங்கன்னு சொல்லலாம். அது லூசானா பிளேட் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு நழுவும், சென்டர் போல்ட் அறுந்துடும், பின் ஆக்ஸில் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். முன்னாடி டயர் ஒரு பக்கம் மட்டும் தேயுதா? ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடினா கிங் பின்னோ வீல் பேரிங்கோ. பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா ஆடுதுன்னா டை ராடு. ரெண்டு நிமிஷ வேலை. நல்ல கிரீஸை நேரத்துக்கு அடிச்சிருந்தா கிங் பின்னுக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கும் இவ்வளவு சீக்கிரம் செலவு வந்திருக்காது.

மத்ததை வேகமா சொல்லிடறேன். டைமிங் பெல்ட்டை கிலோமீட்டர் கணக்குல மாத்தணும், ஆனா பழைய வண்டியில கிலோமீட்டர் மீட்டரே ஓடறதில்ல. அதனால மாத்தின தேதியை பெயிண்ட்ல கவர் மேலயே எழுதி வச்சுக்கிறதுதான் வழி. டீசல் இன்ஜின்ல வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இடமே இருக்காது, பெல்ட் அறுந்தா வால்வு வளையும். காலையில ஸ்டார்ட் ஆகாம ரொம்ப நேரம் கரகரன்னு இழுத்தா எல்லாரும் பேட்டரியைத் திட்டுவாங்க. ஹீட்டர் பிளக்கை செக் பண்ணுங்க, இந்த வகை இன்ஜினுக்கு அது முக்கியம். கறுப்புப் புகைன்னா முதல்ல ஏர் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர். நீலப் புகைன்னா ஆயில் எரியுது, அது பெரிய செலவு. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், குறையலைன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

மழை மட்டும் தனியா. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணியில நின்னது. தண்ணியில மூழ்கின வண்டியை வடிஞ்சதும் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். இன்ஜெக்டரைக் கழட்டி தண்ணியை வெளியேத்திட்டு, ஆயிலையும் மாத்திட்டுத்தான் சாவியைத் தொடணும். அடுத்த வெள்ளத்துக்கு முன்னாடி உங்க தெருவுல வண்டி வச்சிருக்கிறவங்ககிட்ட இந்த ஒண்ணையாவது சொல்லி வைங்க.

இதெல்லாம் ஓனருக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. பாதி தெரியும். தெரிஞ்சும் ஏன் தள்ளிப் போடறார்? ஒரு நாள் வண்டியை ஷெட்ல விட்டா அன்னைக்கு வருமானம் போச்சு, மேலே ரிப்பேர் செலவு வேற. நமக்கு லீவு போட்டா அட்டெண்டன்ஸ்தான் போகும். அதனால ஓடுற வரைக்கும் ஓட்டுவார். எஃப்.சி. வரும்போது பெயிண்ட் அடிப்பார், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவார், லைட் மாத்துவார். ரேடியேட்டருக்குள்ள என்ன ஓடுதுன்னு எஃப்.சி.-ல யாரும் கேக்கப் போறதில்ல.

ஓனர் ஷெட்டுக்கு வர மாட்டார்னா செக்கிங் வண்டி நிக்கிற இடத்துக்குப் போகணும். அதுவும் சவாரிக்காக அவர் காத்திருக்கிற அந்த இருபது நிமிஷத்துல முடியணும். இதைத்தான் நான் டிபார்ட்மென்ட்கிட்ட கேக்கிறேன். பாடியில லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்டர் மோட்டார் பண்ணுது, பிரேக்ஸ் இந்தியா இருக்கு, வீல்ஸ் இந்தியா இருக்கு. அம்பத்தூர்ல ரானே பிரேக் லைனிங். நாட்டுல ஓடுற வண்டிகளுக்கு பார்ட்ஸ் செய்யிற ஊர்ல உட்கார்ந்து, ஃபைனல் இயர் புராஜெக்ட்டை கடையில காசு குடுத்து வாங்கிட்டு வந்து, வைவாவுல அதைப் பத்தி ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாம முழிக்கிறோம். அதுக்குப் பதிலா ஒரு பேட்ச் நாலு பேர், ஒரு குட்டி யானை ஸ்டாண்டு, ஒரு செமஸ்டர். மாசம் ரெண்டு சனிக்கிழமை போய் இருபது வண்டிக்கு கூலண்ட், மூடி, யூ போல்ட், கிங் பின் ஆட்டம் மட்டும் பார்த்து நோட்ல எழுதணும். எந்த வண்டி எப்போ எதனால நின்னதுன்னு ஆறு மாசம் எழுதினா, வயசு காரணமா சூடு காரணமான்னு நான் இங்க வாயால சொல்றதை நீங்க நம்பரா வச்சுக்கலாம். நான் சொல்றது தப்புன்னு வந்தாலும் அது ஒரு நல்ல புராஜெக்ட்தான்.

பெருசா செலவு இல்ல. கூலண்ட் பாக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கணும், மூடி பிரஷர் டெஸ்டர் ஒண்ணு. ஜாக்கி ஸ்டாண்டுல இருக்கிற எந்த டிரைவர்கிட்டயும் கிடைக்கும். டார்க் ரெஞ்ச் நம்ம ஆட்டோமொபைல் லேப்ல, ஜன்னல் பக்கம் இருக்கிற ரெண்டாவது அலமாரியில கவர் பிரிக்காமலே இருக்கு. வர்ற ஜூன்ல ஃபைனல் இயர் வர்றவங்க யாராவது ரெடியா இருந்தா, நாங்க பாஸ் ஆகிப் போறதுக்குள்ள வந்து பேசுங்க. ஓ.டி. பக்கம் ஸ்டாண்டுல ஆறு அண்ணாக்கள்கிட்ட ஏற்கனவே கேட்டு வச்சிருக்கேன். அஞ்சு பேர் சரின்னாங்க. ஆறாவது ஆள் மட்டும் "மூடியைத் திறந்து பாத்துட்டு எதையும் கழட்டிப் போட்டுட மாட்டீங்களே தம்பி"ன்னு கேட்டுட்டு, யோசிச்சு சொல்றேன்னார்.