பகடி சான்றாகும்போது

2020 பிப்ரவரி 6 அன்று மக்களவையில் பேசிய பிரதமர் மோடி, 370ஆம் பிரிவை நீக்கினால் பூகம்பம் ஏற்பட்டுக் காஷ்மீர் இந்தியாவிலிருந்து பிரிந்துவிடும் என்று உமர் அப்துல்லா கூறியதாக மேற்கோள் காட்டினார். அக்கூற்றோ, 'ஃபேக்கிங் நியூஸ்' என்னும் பகடித் தளம் 2014 மே மாதம் புனைந்து வெளியிட்ட நையாண்டி. மறுத்துரைக்க வேண்டிய உமர், 2019 ஆகஸ்ட் முதல் காவலில் இருந்தார். அன்றிரவே அவர்மீது பொதுப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது.

பகடியின் உயிர் மிகைப்படுத்தலில் உள்ளது. எதிராளி எதையும் சொல்லத் துணிந்தவர் என்று முன்பே நம்புவோர்க்கு அம்மிகை புலப்படுவதில்லை. சதிக் கதைகள் வேரூன்றுவதும் இம்மண்ணில்தான். ஆகவே, நையாண்டியைத் தடைசெய்வது தீர்வாகாது. ஒருவர் வாயில் ஒரு சொல்லை ஏற்றி அவையில் உரைப்பவருக்கே, அதன் மூலத்தைச் சரிபார்க்கும் கடமை உண்டு.