ரெண்டு சர்வர் இருக்கு, ஆனா ஒரே கட்டடத்துல

ஓ.பி. சீட்டு போடுற இடத்துல ‘சிஸ்டம் டவுன்’னு சொன்னா உங்களுக்குக் கோபம் வரும். நியாயம்தான். அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு சொல்றேன்.

உங்க ரிப்போர்ட், மாத்திரை, அலர்ஜி எல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. இப்போ ஒரே பெரிய சர்வருக்குள்ள பல விர்ச்சுவல் மெஷின் ஓடும். ‘ஒண்ணு போனா இன்னொண்ணு’ம்பாங்க. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா, பெட்டியோட ரெண்டும் போச்சு.

சரி, வேற வேற பெட்டி. ஒரே கட்டடமா? 2015 டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம்காரங்களுக்கு நான் விளக்கவே வேணாம். ஒரு நகல் வேற ஊர்ல இருக்கணும்.

அதுவும் உடனுக்குடன் காப்பி ஆகுற நகல் மட்டும் போதாது. இங்க கெட்டது அங்கயும் அப்படியே காப்பி ஆயிடும். 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ் சைபர் தாக்குதல் ஞாபகம் இருக்கா? பாதிக்கப்படாத பேக்கப் சர்வர் ஒண்ணு இருந்ததால டேட்டா திரும்பக் கிடைச்சது. ஆனா ஏறக்குறைய ரெண்டு வாரம் எல்லாமே கையெழுத்துதான். டேட்டா தப்பிக்கிறது வேற, வேலை நிக்காம நடக்குறது வேற. ரெண்டுக்கும் தனித்தனியா செலவு பண்ணணும்.

‘பேக்கப் இருக்கா?’ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. ‘கடைசியா எப்போ திருப்பி ஏத்திப் பாத்தீங்க, எத்தனை மணி நேரம் ஆச்சு?’ன்னு கேக்கணும். டிஃபிப்ரிலேட்டரை நோயாளி வர்றதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்றோம்ல? அதே மாதிரி, பருவமழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மெயின் சர்வரை வேணும்னே நிறுத்திப் பாக்கணும் (ஐ.டி. நண்பர்கள் திட்டாதீங்க).

அதுவரைக்கும், உங்க மாத்திரை பேரு, அலர்ஜி ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க.