குடிநீரும் கேளிக்கையும்

"நீர்த்தேக்கம் பொதுச்சொத்து, அதிலே நீந்தவும் வள்ளம் விடவும் மக்களுக்கு உரிமையில்லையா?" என வினவுவோர் உளர். வினா நியாயமானது போலவே தோன்றும். ஆயின் அம்மக்கள் யாவர்? 1886 முதல் லபுகம நீர்த்தேக்கம் கொழும்புக்குக் குடிநீர் தந்துவருகின்றது. பாடசாலைவிட்டு வந்து குழாயில் வாய்வைத்துக் குடிக்கும் சிறுவன் அந்நீர்த்தேக்கத்தைக் கண்டிருக்கமாட்டான், அவனும் உரிமையாளனே. விடுமுறைக்குக் காரேறி வரக்கூடியவரின் விருப்பம் மட்டும் எங்ஙனம் பொதுவுரிமையாகும்?

சுத்திகரிப்பு நிலையம் இருக்கின்றதே என்பது அவர்களது அடுத்த வாதம். ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலும் அஃது இருந்தது. 1993இல் குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர், வடிகட்டலையும் கடந்து குழாய்நீரிற் கலந்து, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை நோயில் வீழ்த்தியது. நீந்துவோரால் அது நேர்ந்ததென யாம் கூறவில்லை. நோயுற்றவரின் மலத்தோடு வெளியேறும் அவ்வுயிர், நீந்துவோர் உடலிலிருந்தும் நீரிற் சேரக்கூடும் என்பதே எமது அச்சம். லபுகமவைச் சூழ்ந்த நீரேந்துப் பிரதேசம் காப்புக்காடாக விடப்பட்டிருப்பது வீண்பிடிவாதமன்று. அழுக்கை நீரிற் சேரவிட்டுப் பின்னர் பணஞ்செலவிட்டு அகற்ற முயல்வது எவ்வகைப் பொருளியலோ!

கரையில் நின்று காண்பதை எவரும் தடுக்கவேண்டியதில்லை. நீரில் இறங்க விரும்புவோர்க்கு இந்நாட்டின் நாற்புறமும் கடல் இருக்கின்றது.