படிக்கப் போனவனா, பாடுபடப் போனவனா?

"வெளிநாட்டிலே படிக்கிறானாம்! சீமான் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு என்ன குறை?" இப்படிப் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆலை வாசலிலும் கேட்கிறோம், களத்துமேட்டிலும் கேட்கிறோம். அப்படிப் பேசும் தோழர்களை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக்குக் கொஞ்சம் அழைத்துப் போக விரும்புகிறோம்.

அந்த நகரத்துத் தொழிற்சங்க மாளிகைக்கு எதிரே ஒரு தூண் நிற்கிறது. உச்சியில் 8, 8, 8 என்று மூன்று எட்டுகள். 1856 ஏப்ரல் 21-ம் தேதி, மெல்போர்ன் பல்கலைக் கழகத்தைக் கட்டிக்கொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலம் புறப்பட்டார்கள். 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் தன் பொழுது, 8 மணி நேரம் உறக்கம். இதுதான் அவர்கள் கேட்டது. போராடி வென்றார்கள். அந்த வெற்றியின் சின்னம் அந்தத் தூண்.

இன்று அந்தத் தூணைக் கடந்து வகுப்புக்குப் போகிறானே அயல்நாட்டு மாணவன், அவனுடைய 24 மணி நேரம் எப்படிக் கழிகிறது? பகலில் பாடம். மாலையில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. இரவில் கம்பெனி மாடிகளைப் பெருக்குவது, அல்லது குளிரிலும் மழையிலும் சைக்கிள் மிதித்து வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது. பிறகு கடைசி ரயில். ஊர்க்கோடியில் நாலைந்து பேர் வாடகையைப் பங்கு போட்ட வீடு. விடிந்தால் பரீட்சை. ஊரிலிருந்து தாய் போனில் கேட்டால், "சாப்பிட்டேன் அம்மா, சௌகரியமாக இருக்கிறேன்" என்ற பதில். எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் அங்கே உண்டு. ஆனால் நிலத்தை அடகு வைத்து, பாங்கியில் கடன் வாங்கிப் போனவனுக்கு இதுதான் கதி.

கல்வியா, சரக்கா?

1951-ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆசிய மாணவர்களை உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்த நாடு அது. 1974-ல் பல்கலைக் கழகச் சம்பளத்தையே ரத்து செய்த நாடு அது. அதே நாடு 1980-ல் அயல்நாட்டு மாணவனுக்குத் தனிக் கட்டணம் போட்டது. 1985-ல் முழு விலைக்குக் கல்வி விற்கக் கதவு திறந்தது. 1990 முதல் புதிதாக வரும் அயல்நாட்டு மாணவன் முழு விலையும் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. கல்வி ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது! 2024 மே மாதத்திலிருந்து, ஒரு வருஷச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும் என்றார்கள். 2025 ஜூலையில் விசா மனுவுக்கு மட்டும் 2,000 டாலர் கட்டணம் வைத்தார்கள். மனு தள்ளுபடியானாலும் கட்டிய பணம் திரும்பாது.

இத்தனையும் வாங்கிக்கொண்டு, பாடம் நடக்கும் காலத்தில் 2 வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் கூலி வேலை செய்யக்கூடாது என்று 2023 ஜூலையில் விதி செய்தார்கள். "படிப்புக் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறை" என்கிறார்கள். அக்கறையாம்! 2022 ஜனவரியில், கொரோனாவால் முதலாளிகளுக்கு ஆள் கிடைக்காமல் போனபோது அன்றிருந்த வரம்பையே தூக்கி எறிந்தார்களே, அப்போது படிப்புக் கெடவில்லையா? அதற்கு முன்பு 2020 ஏப்ரலில், வேலையிழந்து நின்ற மாணவர்களுக்குச் சம்பள மானியம் கிடையாது என்று கைவிரித்து, பிழைக்க முடியாவிட்டால் ஊர் போய்ச் சேருங்கள் என்றார் பிரதம மந்திரி ஸ்காட் மாரிசன். வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ! பதிலித் தொழிலாளியைப் பார்த்து ஆலை முதலாளி சொல்கிற வார்த்தை அல்லவா இது?

அந்த விதி யார் கையில் சாட்டையாகிறது என்பதையும் பாருங்கள். 2015-ல் செவன்-இலெவன் கடைகளின் கூலிக் கொள்ளை அம்பலமானது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் அயல்நாட்டு மாணவர்கள். வேலை செய்த நேரத்தில் பாதிக்குத்தான் கணக்கில் கூலி. வாய் திறந்தால், "அதிக நேரம் வேலை செய்தாய், சர்க்காரிடம் சொல்லி நாடு கடத்தி விடுவேன்" என்ற மிரட்டல். வயிற்றுக்காக விதியை மீறியவன் குற்றவாளி. அவனை மீற வைத்து லாபம் தின்றவன் கனவான்! விஷயம் வெளியே வந்த பிறகுதான் 10 கோடி டாலருக்கு மேல் பாக்கிக் கூலி திருப்பிக் கொடுக்கப்பட்டது.

சேர்ந்து நின்றபோது

ஆனால் இவர்கள் என்றும் தலை குனிந்தே நிற்கவில்லை. 2008 ஏப்ரல் கடைசியில் இரவு டாக்ஸி ஓட்டிய இந்திய இளைஞர் ஒருவர் மெல்போர்னில் கத்தியால் குத்தப்பட்டார். சக டிரைவர்கள் நகரின் நடு நாற்சந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் மாணவர்கள். குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சாலையை மறித்தார்கள். வண்டிகளில் பாதுகாப்புத் தடுப்பு வைக்கிறோம் என்று ராஜ்ய சர்க்கார் இறங்கி வந்தது. தனித்தனியே கெஞ்சியபோது கிடைக்காதது, சேர்ந்து உட்கார்ந்தபோது கிடைத்தது.

விசாவைக் காட்டித் தொழிலாளியை மிரட்டுவது 2024 ஜூலை முதல் அங்கே குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் தனி ஆளுக்குச் சட்டம் வெறும் காகிதம். அதற்கு உயிர் கொடுப்பது சங்கம்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ நாளை கடல் கடந்து படிக்கப் போகலாம். வழியனுப்பும்போது ஊறுகாயும் பருப்புப் பொடியும் மட்டும் கட்டிக் கொடுத்தால் போதாது. "போன ஊரில் சங்கம் எங்கே என்று முதலில் விசாரி" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த மூன்று எட்டுகள் வெள்ளைக்காரக் கல்தச்சருக்கு மட்டும் சொந்தமல்ல. அவர்கள் கட்டிய பல்கலைக் கழகத்தில் படித்துக்கொண்டே பாத்திரம் கழுவுகிறவனுக்கும் அவை சொந்தம்!