ஓட்டுப் போட்ட பிறகு என்ன நடக்கிறது?

சுங்கை வே – 2018 மே 9-இல் நடந்த 14-ஆவது பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 82 விழுக்காட்டினர் வாக்களித்தனர். நான்கே மாதத்தில், சுங்கை வே வட்டாரத்தின் ஸ்ரீ செத்தியா சட்டமன்ற இடைத்தேர்தலில் பதிவானது சுமார் 44 விழுக்காடுதான்.

இடைத்தேர்தல் என்றாலே கூட்டம் குறையும். அதை வைத்து மக்கள் ஜனநாயகத்தைக் கைவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2020 பிப்ரவரியில் ஷெரட்டன் நகர்வு வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி 22 மாதங்களில் கவிழ்ந்தது. 2022 பொதுத்தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 74 விழுக்காடாக இறங்கியது. (18 வயதினர் தானாகவே வாக்காளராகப் பதிவான முதல் பொதுத்தேர்தல் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) கட்சித் தாவலைத் தடுக்க அதே ஆண்டில் சட்டம் வந்தது, அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

நம்மவர்களை அதைவிட ஆழமாகப் பாதித்தது ஈப்போ எம். இந்திரா காந்தியின் வழக்கு. கைக்குழந்தையைத் தந்தை கொண்டுபோனது 2009-இல். அவரைக் கைது செய்யும்படி 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் போலீசுக்கு உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29-இல், மூன்று பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் கடந்தும் மகள் தாயிடம் வந்து சேரவில்லை.

இங்கே குறை நீதிமன்றத்தில் இல்லை. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய இடத்தில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற தாய்க்கே இந்த நிலை. போலீஸ் நிலையத்தில் ஒரு புகார் கொடுக்கவே தயங்கும் தோட்டத்து அம்மாவிடம், "ஓட்டுப் போடுங்கள், எல்லாம் மாறும்" என்று எந்த வேட்பாளர் சொல்லி நம்ப வைப்பார்?