ஆடிட்டர் நேரில் வரமாட்டார்

மாடி போர்ஷன் சேகர் ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் செல்போன்.

"சார், ஜன்னல் வழியா எடுத்தேன். பாருங்க."

பார்த்தேன். கறுப்பு வானத்தில் நீளமாக ஒரு வெளிச்சம். சேகர் கை நடுங்கியதில் அதுவும் நடுங்கியது.

"வந்துட்டாங்க சார். நாளைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிடலாமான்னு பாக்கறேன்."

வேற்றுக் கிரகவாசி என்றதும் எல்லோருக்கும் பயம் வரும், பரவசம் வரும். எனக்கு வருவது ஒரே கேள்விதான்: டிராவல் பில்லை யார் சாங்ஷன் பண்ணினார்கள்? காமர்ஸ் படித்த புத்தி.

கணக்கைப் பாருங்கள். நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் (சூரியனை விட்டுவிட்டு) ப்ராக்ஸிமா செண்டாரி. 4.2 ஒளியாண்டு. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னை-மதுரை அரை நிமிஷம். அந்த வேகத்தில் ப்ராக்ஸிமா போய்ச் சேர ஏறக்குறைய 75,000 வருஷம்.

சரி, அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒளி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் போவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்துக்கு ஒரே ஒரு கிராம் எடையைத் தள்ள சுமார் 5 லட்சம் யூனிட் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு மாசத்துக்கு 400 யூனிட். ஆக, ஒரு கிராமுக்கு எங்கள் வீட்டின் 208 வருஷ கரண்ட் பில். சினிமாவில் வருகிற மாதிரி படுக்கை, சமையலறை, கேப்டன் நாற்காலியோடு 1,000 டன் தட்டு என்றால், உலகமே மூன்று வருஷம் செலவழிக்கிற மொத்த எரிசக்தி காலி. இது வண்டியைக் கிளப்ப மட்டும். பிரேக் போட இன்னொரு தடவை அதே பில்!

இவ்வளவு செலவழித்து வந்து சேகர் ஜன்னலுக்கு வெளியே ஐந்து விநாடி மினுக்கிவிட்டுப் போவார்களா?

பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். பெரியவர் நேரில் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. முதலில் பேப்பரை வரவழைப்பார். பேப்பரில் ஏதாவது இடித்தால் பையனை அனுப்புவார். பையன் என்றால் பஸ் சார்ஜும் இரண்டு வேளைச் சாப்பாடும். புத்தியுள்ள வேற்றுக் கிரகமும் இதைத்தான் செய்யும் என்பது என் கட்சி.

முதலில் பேப்பர். இருந்த இடத்திலிருந்தே டெலஸ்கோப். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போகும்போது, சரியான கோணத்தில் இருப்பவர்களுக்குச் சூரிய வெளிச்சம் லட்சத்தில் 8 பங்கு குறையும். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் நம் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். 326 ஒளியாண்டுக்குள் 1,715 நட்சத்திரங்கள் கடந்த 5,000 வருஷங்களில் அப்படிச் சரியான கோணத்தில் இருந்திருக்கின்றன என்று லிசா கால்டெனெக்கரும் ஜாக்கி ஃபாஹெர்ட்டியும் 2021-ல் கணக்கிட்டார்கள். காற்றில் ஆக்ஸிஜன் சேர ஆரம்பித்து 240 கோடி வருஷம் ஆகிறது. ஆக, 'இங்கே ஏதோ உயிர் இருக்கிறது' என்ற நம் ஃபைல் ரொம்பப் பழசு.

இதற்கு நாமே ஒரு ஒத்திகை பார்த்திருக்கிறோம். வியாழனுக்குக் கிளம்பிய கலிலியோ விண்கலம் 1990 டிசம்பர் 8-ந் தேதி வேகம் சேர்த்துக்கொள்ள 960 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைத் தாண்டியது. கார்ல் சேகனுக்கு ஒரு குறும்பு. பூமியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு, இந்தக் கருவிகளால் உயிரைக் கண்டுபிடிக்க முடியுமா? 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ரிசல்ட் வந்தது. ஏகப்பட்ட ஆக்ஸிஜன். அதோடு சேர்ந்து இருக்கவே கூடாத மீத்தேன். சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒன்று (நம்ம செடிகொடிதான்). இயற்கையில் வராத ரேடியோ சத்தம். படங்களில் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் இருந்தன. ஒரு ஊர், ஒரு ரோடு, ஒரு கட்டடம்? ஊஹூம். நம் வீட்டு வாசல் வழியாகப் போன நம் விண்கலத்துக்கே நாம் தெரியவில்லை சார்!

அடுத்தது பையனை அனுப்புவது. பையன் எடை சில கிராம். 2016-ல் யூரி மில்னரும் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அறிவித்த திட்டம் அதுதான். தபால் தலை மாதிரி ஒரு சில்லு, அதற்கு மெல்லிய பாய், பூமியிலிருந்து லேசர் அடித்துத் தள்ளுவது. ஆனால் நிற்க முடியாது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 42 நிமிஷத்தில் தாண்டுகிற வேகத்தில், போகிற போக்கில் போட்டோ எடுத்தால் உண்டு. வேகம் வேண்டாம், மெதுவாகவே போகட்டும், போன இடத்தில் உட்கார்ந்து அந்த ஊர்க்காரன் ரேடியோ கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கட்டும் என்று ரொனால்ட் பிரேஸ்வெல் 1960-லேயே எழுதினார். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. தட்டுக்கு அவசரம் உண்டு, பெட்டிக்கு இல்லை.

இதில் உதைக்கிற இடம் ஒன்று இருக்கிறது.

விருதுநகர் பக்கம் ஒரு மிளகாய் வற்றல் குடோனுக்கு என்னை ஸ்டாக் எண்ண அனுப்பினார்கள். மூன்று நாள். தும்மித் தும்மி மூட்டை மூட்டையாக எண்ணினேன். 40 மூட்டை குறைகிறது என்று கண்டுபிடித்துப் பெருமையோடு ஆபீசுக்குத் திரும்பினால், அந்தப் பார்ட்டி நேற்றே கணக்கை வேறு ஆடிட்டரிடம் மாற்றிவிட்டார்களாம். "அங்க வை தம்பி" என்றார் பெரியவர். வைத்தேன். யாரும் பிரிக்கவில்லை.

நூறு ஒளியாண்டு தள்ளி இருப்பவன் அந்த வேகத்தில் பையனை அனுப்பினால், வந்து சேர 500 வருஷம், தகவல் திரும்ப 100. மொத்தம் 600 வருஷம். அனுப்பியவன் மட்டுமல்ல, அந்த டிபார்ட்மெண்டே இருக்குமா? நம் பக்கத்தில் ஏதோ ஒரு சின்னப் பெட்டி இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருந்து, கேட்க வேண்டிய வீட்டில் ஆள் இல்லாமலிருந்தால்? ராத்திரி தூக்கம் வராதபோது எனக்கு இதுதான் உறுத்தும். தட்டு இல்லை.

வாயேஜர் கதையைக் கேளுங்கள். எட் ஸ்டோன் என்பவர் 1972-ல் அதன் தலைமை விஞ்ஞானியானார், 2022-ல் ஓய்வு பெற்றார். ஐம்பது வருஷம் ஒரே ஃபைல்! 2023 நவம்பரில் வாயேஜர்-1 உளற ஆரம்பித்தது. ஒரு மெமரி சில்லு போய்விட்டது. 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி, ஒரு கட்டளை போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே நேரம். பல வருஷத்துப் பழைய காகிதங்களைப் புரட்டி, புரோகிராமைத் துண்டு துண்டாக்கி வேறு இடங்களில் ஒட்டவைத்தார்கள். 2024 ஏப்ரலில் மறுபடி ஒழுங்காகப் பேசியது. ஜூனில் எட் ஸ்டோன் காலமானார்.

இதையெல்லாம் சேகரிடம் சொல்லி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி சார். அப்ப வீடியோவில இருக்கறது?"

"ஜன்னல் கண்ணாடி மூடியிருந்ததா?"

"ஆமா, கொசு சார்."

"ரூம்ல டியூப்லைட்?"

பதில் சொல்லாமல் மாடி ஏறினார். காலையில் ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்தேன்.