கடனாகத் தரும் நன்றி

ஐப்பசி பிறந்ததும் மலையகத் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகின்றது: "இம்முறை அட்வான்ஸ் எவ்வளவு?" தொழிற்சங்கத் தலைவர்கள் அறிக்கை விடுகின்றனர். கம்பனிகள் நிதி நெருக்கடி பற்றிப் பேசுகின்றன. ஈற்றில் ஒரு தொகை முடிவாகின்றது. மறுநாளே, தொழிலாளருக்கு ஏதோ பெரும் பரிசு கிடைத்துவிட்டது போன்ற தோற்றம் எங்கும் பரப்பப்படுகின்றது. அத்தோற்றத்தையே நாம் ஈண்டு எதிர்க்க விரும்புகின்றோம்.

தீபாவளி முற்பணம் என்பது யாது? தொழிலாளியின் நாளைய கூலியை இன்று அவர் கையில் வைப்பது, அவ்வளவே. முற்பணம் 15,000 ரூபா என வைத்துக்கொள்வோம். பத்து மாதங்களில் அதனை அறவிடுவதாயின், மாதந்தோறும் 1,500 ரூபா சம்பளத்திலிருந்து கழியும். தைப்பொங்கலின்போதும் அது கழியும். சித்திரை வருடப்பிறப்பின்போதும் கழியும். பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கவேண்டிய மாதத்திலும் கழியும். கடன் தீரும் வேளையில் அடுத்த தீபாவளி வாசலில் வந்து நிற்கும். கொடுத்த தொகை முழுவதும் கம்பனியிடமே திரும்பிச் சேர்கின்றது. வட்டியில்லாக் கடன் அன்றோ என்பர் சிலர். வட்டிக்காரனிடமும் அடகுக் கடையிலும் போய் நிற்பதை அது ஓரளவு தவிர்க்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், வட்டியில்லாக் கடனும் கடனே. அதற்கு நன்றி என்றும் பரிசு என்றும் பெயர் சூட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

இந்த முற்பண உறவுக்கு நீண்ட வரலாறு உண்டு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் மக்கள் கொண்டுவரப்பட்ட காலத்தில், கங்காணி வழியாகக் கொடுக்கப்பட்ட முற்பணமே அவர்களைப் பிணித்த முதற் கயிறு ஆகும். கடன் தொகையைக் கட்டினால் இன்ன தொழிலாளரை விடுவிப்போம் என்று துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அச்சீட்டின் வழியே தொழிலாளர் தம் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைய முற்பணமும் அன்றைய துண்டும் ஒன்றே எனக் கூறுவது மிகையாகும். எனினும், உழைப்பவரைக் கடனாளியாகவும், அவ்வுழைப்பால் வாழ்பவரைக் கொடைவள்ளலாகவும் காட்டும் மனப்பான்மை சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை.

தமிழ் கற்பிக்கும் நாம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பறைகளில் நடத்துகின்றோம். 'நன்றி' என்ற சொல் அங்கே வாயால் கூறும் உபசார வார்த்தையைக் குறிக்கவில்லை. ஒருவர் செய்த நன்மையையே குறிக்கின்றது. அதனை மறவாதிருத்தல் நன்மையைப் பெற்றவரின் கடமை. அவ்வாறாயின், தோட்டத்தில் நன்மையைப் பெற்றவர் யார்? மழையிலும் அட்டைக்கடியிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவரா, அக்கொழுந்தை விற்று இலாபம் காண்பவரா? விடை வெளிப்படை. ஆனால் லயத்துப் பிள்ளைகளுக்கு அவ்வதிகாரத்தைப் போதிக்கும்போது, 'உனக்குப் படியளப்பவருக்கு நன்றியாயிரு' என்ற பொருளிலேயே பலர் போதிக்கின்றனர். பாடத்தைத் தலைகீழாக நடத்தும் இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. 2018 ஒக்டோபரில், தீபாவளிக்கு இரு வாரங்கள் இருந்த வேளையில், மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர். அவர்கள் பரிசு கேட்டு வரவில்லை. 1,000 ரூபா அடிப்படை நாட்சம்பளம் கேட்டு வந்தனர். 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாவோடு நின்றது. சம்பள நிர்ணய சபையின் வழியாக 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அப்போதும் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. தீபாவளிக்கு வாழ்த்துக் கூறும் வாயும், நாட்சம்பள உயர்வுக்குத் தடை கோரும் வாயும் ஒன்றே என்பதை நாம் மறக்கலாகாது.

நகரத்துக் காரியாலயங்களின் நிலையும் பெரிதும் வேறன்று. ஆண்டிறுதி வந்ததும் ஊழியரை மகிழ்விக்கும் வழிகள் ஆராயப்படுகின்றன. ஒரு பகற்போசனம், ஒரு பரிசுப் பொதி, சிறந்த ஊழியருக்கு ஒரு சான்றிதழ். இவற்றிலுள்ள அன்பை நாம் இழித்துரைக்கவில்லை. கூட இருந்து உண்பதும், பெயர் சொல்லிப் பாராட்டுவதும் மனிதப் பண்புகளே. ஆயின் சம்பளமும் விடுமுறையும் மேலதிக நேரக் கொடுப்பனவும் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்திலேதான் அவை பண்பு எனப்படும். அவை கிடையாத இடத்தில் வாயடைக்கும் இனிப்பாகவே முடியும். ஆசிரியராகிய நாமும் இதனை அனுபவத்தால் அறிவோம். ஒக்டோபர் 6 இல் ஆசிரியர் தினப் புகழுரைகளுக்குக் குறைவில்லை. எனினும் 2021 இல், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி மாதக்கணக்கில் நாம் போராடவேண்டியிருந்தது.

உண்மையான நன்றி எத்தகையது? 1958 இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழில்தருநர் 12 வீதம் செலுத்தவேண்டும் என்கின்றது. 1980 இன் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டம் மேலும் 3 வீதத்தைச் சேர்க்கின்றது. 1983 இன் சட்டம் ஐந்தாண்டுகள் உழைத்தவர்க்குப் பணிக்கொடை வழங்கச் சொல்கின்றது. 'கொடை' என்று பெயர் இருப்பினும் அது கொடையன்று. கிடையாவிடின் வழக்குத் தொடுத்துப் பெறக்கூடிய உரிமை. எசமானின் மனம் குளிர்ந்ததனால் இவ்வுரிமைகள் பிறக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தனைப் போன்றோரின் குருதி, இந்நாட்டுத் தொழிலாளர் உரிமை வரலாற்றில் கலந்திருக்கின்றது.

பண்டிகைக் கொடுப்பனவும் உரிமையாகலாம் என்பதற்குப் பிற நாடுகளில் சான்று உண்டு. இந்தியாவில் 1965 இல் போனஸ் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அதன் குறைந்தபட்ச அளவு, சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளருக்கு, ஆண்டுச் சம்பளத்தின் 8.33 வீதமாக உயர்ந்தது. அஃதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். பிலிப்பைன்சில் 1975 தொட்டு, பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை டிசம்பர் 24 ஆம் திகதிக்குள் கொடுத்தாகவேண்டும். இத்தொகைகள் மறு மாதம் கழிக்கப்படுவதில்லை. தனியார் துறை ஊழியர் அனைவருக்கும் இத்தகைய போனஸை உறுதிசெய்யும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. முற்பணத்தின் அளவுக்காக ஆண்டுதோறும் அறிக்கை விடும் தொழிற்சங்கங்கள், அச்சட்டத்துக்காக ஒன்றுபட்டு ஒருமுறையேனும் எழுந்தால் என்ன?

தொழிலாளர் முற்பணத்தை மறுக்கவேண்டும் என நாம் கூறவில்லை. புத்தாடைக்கும் பலகாரத்துக்கும் ஏங்கும் பிள்ளையின் முன்னே தத்துவம் பேசுதல் தகாது. வாங்கட்டும், ஆனால் தம்முடைய கூலியையே தாம் வாங்குகின்றோம் என அறிந்து வாங்கட்டும். கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர்களாலும் மாணவர்களாலும் ஆகக்கூடிய பணி ஒன்றுண்டு. தாயின் சம்பளச் சீட்டை வாசித்துக் கணக்குப் பார்க்க ஒவ்வொரு லயத்துப் பிள்ளைக்கும் கற்பிப்போம். எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் அரைப்பேர், சேமலாப நிதிக்கு எவ்வளவு, முற்பணக் கழிவு எவ்வளவு என்பதை அப்பிள்ளை உரத்து வாசிக்கட்டும். தீபாவளிக்கு வந்த பணம் யாருடைய பணம் என்பது அன்றே அந்த வீட்டுக்கு விளங்கிவிடும்.